ஜெனிலாவின் சத்தம் கேட்க ஒரு சவுண்ட்பார்

திருவட்டாறு
4.11.2025

என் மகள் ஜெனிலாவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டதா? எனக்கு இன்னும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நாம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஞானசிங் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன ஓய், வீட்டுக்குள்ள கள்ளன் கேறிட்டானா?" என்று கேட்டான். உன் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "இனி அப்பனும் மவளும் இந்தக் காரியத்தைப் போன்ல பேசப்பிடாது. வேணும்னா எழுதுங்க. எழுதும்போதாவது ஒரு ஆளு முடிச்ச பெறவு மத்த ஆளு தொடங்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவள் மூலமாகச் சொல்லி அனுப்பலாம் என்று நினைக்காதே. "நான் என்ன தபால்காரியா?" என்கிறாள்.

பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். கூட்டினால் இருபது வரும். அந்தப் படிப்பை நம்பித்தான் எழுதுகிறேன்.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? நீ வேலை பார்த்த முதல் படம் டிவியில் வந்தது. என் பெட்டி ஆட்டோவுக்கு வந்த சவாரியைக்கூட வேண்டாம் என்று விட்டுவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை இருந்து பார்த்தேன். முடிந்ததும், "படம் கொள்ளாம் மக்களே, நல்லாத்தான் இருக்கு, ஆனா உனக்க சத்தம் ஒண்ணும் கேக்கலியே" என்றேன். அதற்கு நீ, "அந்த டப்பா டிவியில என்னத்த கேக்கும்" என்று தொடங்கினாய். டப்பா என்றதும் எனக்கும் கோபம் கேறிவிட்டது. தவணை கட்டி வாங்கின டிவி அது.

ஆனால் போனை வைத்த பிறகு டிவியைச் சுற்றிச் சுற்றி வந்து காதை வைத்துப் பார்த்தேன். அதற்கு வாய் முதுகில் இருக்கிறது. அதுவும் சுவரைப் பார்த்துப் பேசுகிறது. நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அப்போது தோன்றியது. உன்னிடம் உடனே ஒத்துக்கொள்ள முடியாததால் இரண்டு நாள் கழித்து ஒத்துக்கொள்கிறேன்.

இனி உண்மையான சங்கடத்துக்கு வருகிறேன். படத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, அன்று காலை ஆராதனை முடிந்து சபைக் கோயில் வாசலில் நின்று, "டிசம்பர் ஏழாம் தேதி ஆராதனை கழிஞ்சு எல்லாரும் எனக்க வீட்டுக்கு வாங்க. எனக்க மவ வேலை பாத்த படம் போடுதேன்" என்று ஊரை அழைத்துவிட்டேன். எனக்கே கேட்காத உன் சத்தத்தை நான் அவர்களுக்கு எங்கிருந்து எடுத்துக் காட்டுவேன்?

ஆகவே சவுண்ட்பார் ஒன்று வாங்கப் போகிறேன். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போக வழியில்லை. எதை வாங்க வேண்டும், சொல்.

உன் அப்பா,
நேசையன்


சாலிகிராமம், சென்னை
7.11.2025

அப்பா,

தொண்டைக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் கொஞ்சம்.

அந்தப் படத்துக்காக ஓர் அறைக்குள் இரண்டு மாதம் நடந்திருக்கிறேன். அதில் வருகிற பெண் வெறுங்காலோடு நடந்தால் நானும் வெறுங்கால். அவள் மாமியாருக்கு ரப்பர் செருப்பு என்றால் எனக்கும் அதுவே. படம் எடுக்கும்போது மைக் பேச்சைத்தான் சரியாகப் பிடிக்கும். நடை, துணி உரசல், பாத்திரம் வைக்கிற சத்தம் எல்லாம் பிறகு எங்களைப் போன்றவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டே செய்து சேர்ப்பது. இதை உங்களுக்குப் பல தடவை சொல்லியாயிற்று. நீங்களோ யார் கேட்டாலும் "மவ சினிமாவில கம்ப்யூட்டர் பாக்கா" என்று சொல்வதாக அம்மா சொல்கிறாள்.

உங்களுக்குக் கேட்கவில்லை என்பதற்காக எனக்குக் கோபம் இல்லை. கேட்காமலேயே "படம் கொள்ளாம்" என்று சொன்னீர்களே, அதற்குத்தான். யாரோ வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சொல்வதுபோல.

சவுண்ட்பார் வாங்குங்கள், நல்லது. ஆனால் எந்தச் சத்தம் நான் செய்தது என்று சொல்ல மாட்டேன். கேட்டுவிட்டு நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்றைச் சரியாகச் சொன்னாலும் எனக்குப் போதும்.

கடைக்குப் போகும் முன் டிவியின் பின்பக்கம் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. என்று போட்ட ஓட்டைகளில் ஏதாவது ஒன்றின் பக்கத்தில் ஏ.ஆர்.சி. என்ற எழுத்துகள் இருக்கிறதா? டிவி வைத்திருக்கும் மேசை எவ்வளவு அகலம்? அப்புறம் ஹாலின் நடுவில் நின்று பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டின சத்தம் சுவரில் அடித்துத் திரும்பி வருகிறதா என்று எழுதுங்கள்.

ஜெனிலா


திருவட்டாறு
10.11.2025

கோபக்கார மகளுக்கு,

டிவியின் முதுகைப் பார்க்க டார்ச் லைட், என் கண்ணாடி, உன் அம்மா என்று மூன்றும் தேவைப்பட்டது. ஏ.ஆர்.சி. இருக்கிறது. எழுத்துக்கு மேல் பல்லி முட்டை இருந்ததால் முதலில் தெரியவில்லை. மேசை என் கையால் ஐந்து சாண்.

கை தட்டினேன். நன்றாகத் திரும்பி வருகிறது. சத்தம் மட்டும் வரவில்லை, உன் அம்மாவும் அடுக்களையிலிருந்து அகப்பையோடு வந்தாள். நடு ஹாலில் கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு நான் ஒற்றை ஆளாகக் கை தட்டுவதைப் பார்த்து, "என்னவாக்கும் இது? நம்ம சபை மடுத்துப்போச்சா? பெந்தெகோஸ்தேயில சேந்துட்டீங்களா?" என்றாள். சாயங்காலத்துக்குள் ஞானசிங் காதுக்கும் போய்விட்டது. இப்போது என்னைக் கண்டாலே, "ஸ்தோத்திரம் பிரதர்" என்கிறான்.

மார்த்தாண்டத்தில் நம் ஷாஜன் கடைக்கும் போய் வந்தேன். அவன் மூன்றைக் காட்டினான். ஒன்று நீளமான பார், கூடவே கட்டில் கால் உயரத்துக்கு ஒரு வூஃபர் பெட்டி, ஐந்நூறு வாட்ஸ். பாட்டுக்கு ஏற்றபடி நீலம், சிவப்பு என்று லைட் எரிகிறது. பாடுவதற்கு மைக்கும் உண்டு. இரண்டாவதில் நமக்குப் பின்னால் வைக்க இரண்டு குட்டிப் பெட்டிகள் தருகிறான். நமக்குப் பின்னால் இருப்பது அடுக்களை வாசல். அங்கே வைத்தால் அம்மா ஒன்றில் உப்பும் மற்றதில் புளியும் போட்டு வைப்பாள். மூன்றாவது, கையளவுக்குக் கொஞ்சம் பெரிது. வூஃபரும் இல்லை, லைட்டும் இல்லை. பார்த்தால் பென்சில் பாக்ஸ் மாதிரி இருக்கிறது.

ஞானசிங் மஸ்கட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்த ஹோம் தியேட்டரை வைத்துக்கொண்டு எனக்கு வகுப்பு எடுக்கிறான். "ஆயிரம் வாட்ஸ் இல்லாம என்ன ஓய் சத்தம்? எனக்கதில பாட்டு போட்டா ஓடு எளகும்."

எனக்கு என்னவோ மனசு அந்த லைட் எரிகிற பெட்டியில்தான் கிடக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

அப்பா


சாலிகிராமம்
13.11.2025

அப்பா,

பென்சில் பாக்ஸை வாங்குங்கள்.

வாட்ஸ் என்பது அட்டைப் பெட்டியில் அச்சடிக்கிற எண். எண் பெரிதாக இருந்தால் சத்தம் தெளிவாக இருக்கும் என்று அர்த்தமில்லை. ஞானசிங் மாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலேயே அவருக்குத்தான் குரல் பெரிது. அவர் சொல்வதில் எவ்வளவு நமக்குப் புரிகிறது? (இதை அவரிடம் காட்ட வேண்டாம்.)

வூஃபர் குண்டு வெடிக்கிற படத்துக்கு. எங்கள் படத்தில் வருகிற பெரிய வெடியே ஒரு எவர்சில்வர் டம்ளர் கீழே விழுவதுதான். நம் ஹாலோ சின்னது, சுவரும் தரையும் சத்தத்தைத் திருப்பி அடிக்கிறது. அதில் இவ்வளவு பெரிய வூஃபர் வைத்தால் எல்லாம் சேர்ந்து குழம்பாகிவிடும். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், தரையில் பாய் விரியுங்கள். பாதி எதிரொலி அதிலேயே அடங்கும்.

அந்தச் சின்னதில் நடுவில் பேச்சுக்கென்று தனி ஸ்பீக்கர் இருக்கிறதா என்று ஷாஜன் அண்ணனிடம் கேளுங்கள். இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். புளூடூத்தில் இணைக்க வேண்டாம். வாய் அசைந்த பிறகு பேச்சு வரும். அந்த ஏ.ஆர்.சி. ஓட்டையில் கேபிளைச் செருகினால் போதும்.

கடையில் பாட்டுப் போட்டுக் கேட்காதீர்கள். பாட்டு எதில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். எங்கள் படத்தைப் போடச் சொல்லுங்கள், இப்போது ஓ.டி.டி.யிலும் இருக்கிறது.

ஜெனிலா


திருவட்டாறு
17.11.2025

அன்பு மகளே,

அம்மா உன்னிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னால் கூடக் கொஞ்சம் மசாலா இருக்கும்.

நேற்று அறுப்பின் பண்டிகை. நம் விளையில் வெட்டின செந்துளுவன் வாழைக்குலையைக் காணிக்கையாகக் கொண்டுபோய் வைத்தேன். நல்ல குலை, ஒவ்வொரு பழமும் என் கைத்தண்டி. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களின் ஏலம் தொடங்கியது. கோழி போனது, சக்கைப்பழம் போனது. என் குலை வந்ததும் ஞானசிங் எழுந்து ஒரு விலை சொன்னான். சொன்னதோடு நின்றிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். "காயி கொஞ்சம் மெலிஞ்சதாக்கும். பரவாயில்ல, ஆட்டுக்குக் குடுக்கலாம்" என்றான்.

என் கை எனக்கு முன்னால் எழுந்துவிட்டது. நான் கூட்டினேன். அவன் கூட்டினான். பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா கண்ணாலேயே என் கையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். ஞானசிங் சபைக்குக் கேட்கிற மாதிரி, "மவளுக்க சினிமா கேக்கப் பெட்டி வாங்கப்போற கோடீஸ்வரனாக்கும். அவரே ஏலம் பிடிக்கட்டு" என்றான். சபை சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நான் இன்னொரு ஆயிரம் கூட்டிவிட்டேன்.

என் விளையில் நான் நட்டு, நான் தண்ணீர் விட்டு, நான் சுமந்து கொண்டுபோன குலையை, சவுண்ட்பார் காசில் பாதியைக் கொடுத்து நானே திரும்பி வாங்கிக்கொண்டு வந்தேன். திருவட்டாறு வட்டாரத்தில் இவ்வளவு விலை உயர்ந்த பழம் யாரும் தின்றிருக்க மாட்டார்கள். உன் அம்மா இலையில் ஒன்றை வைத்து, "பையத் தின்னுங்க. வூஃபராக்கும் தின்னுதீங்க" என்றாள்.

போதகர் மட்டும் கையைப் பிடித்து, "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்று வசனம் சொல்லி வாழ்த்தினார். என்னைக் கொடுக்க வைத்தது உற்சாகமா, ஞானசிங்கா என்று ஆண்டவருக்குத் தெரியும்.

இனி ஆறாயிரத்துச் சில்லறைதான் மிச்சம். ஊரை அழைத்தும் ஆகிவிட்டது. எனக்கு வழி தெரியவில்லை மக்களே.

அப்பா


சாலிகிராமம்
20.11.2025

அப்பா, அப்பா,

ஸ்டுடியோவில் எல்லாருக்கும் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். எங்கள் சார் சிரித்துச் சிரித்து மைக்கை அணைக்க மறந்து, அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டது. ஏதாவது நகைச்சுவைப் படத்துக்கு உதவும் என்று எடுத்து வைத்திருக்கிறார்.

வழி தெரியவில்லையா? ஞானசிங் மாமாவுக்கு நன்றி சொல்லுங்கள். காசு முழுதாக இருந்திருந்தால் நீங்கள் அந்த லைட் எரிகிறதைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? அந்தப் பென்சில் பாக்ஸ் என்ன விலை? மிச்சமிருக்கிற காசுக்கு வரும் என்றுதான் நினைக்கிறேன். இப்போதுதான் சரியான பட்ஜெட்டுக்கு வந்திருக்கிறீர்கள்.

பழம் ஒன்றாவது எனக்கு மிச்சம் வையுங்கள்.

ஜெனி


திருவட்டாறு
27.11.2025

ஜெனிலா மக்களுக்கு,

பென்சில் பாக்ஸ் வந்தாயிற்று. விலை நீ சொன்ன மாதிரியே. நடுவில் தனி ஸ்பீக்கரும் உண்டு.

கடையில் நடந்ததைக் கேள். ஷாஜன் வழக்கம்போலப் பாட்டைப் போட்டான். "பாட்டு வேண்டாம்டே, ஆளு நடக்கிற சத்தம் போடு" என்றேன். "அண்ணே, கடைக்கு வாறவரெல்லாம் பாட்டு கேப்பினும். நீங்க ஒருத்தர்தான் செருப்புச் சத்தம் கேக்குதீங்க" என்றான். படத்தைப் போட்டான். அந்தப் பெண் அடுக்களையில் நடக்கிற இடம். தரையில் கால் ஒட்டி எடுக்கிற சத்தம் வந்தது பார், எனக்கு என் உள்ளங்காலே குளிர்ந்தது. ஷாஜனும் அவனுடைய காலைப் பார்த்துக்கொண்டான். அங்கேயே காசைக் கொடுத்தேன்.

ஆனால் வீட்டில் கொண்டுவந்து வைத்துப் போட்டால், ஒன்றும் சரியில்லை. கடையில் கேட்டது எதுவும் இங்கே கேட்கவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசுவதுபோல இருக்கிறது. கேபிளைக் கழற்றி மாட்டினேன். திரை போட்டேன். பாய் விரித்தேன். உன் அம்மா, "பெட்டிய மாத்தித் தந்துட்டானோ?" என்கிறாள்.

ஞானசிங் வந்து கேட்டுவிட்டுக் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தோளில் கைபோட்டு, "விசாரப்படாதேயும். ஏழாம் தேதிக்கு எனக்க செட்டைத் தூக்கிட்டு வாறேன்" என்றான். நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஆட்கள் வருகிறபோது ஏதாவது கேட்க வேண்டுமே. உனக்கு வருத்தம் இருந்தால் எழுது.

அப்பா


சாலிகிராமம்
30.11.2025

அப்பா,

வருத்தம் இல்லை, கோபம்! என் நடையை ஞானசிங் மாமாவின் பெட்டியில் போட்டால் அந்தப் பெண் நடந்து வருகிற இடமெல்லாம் ஆனை வருகிற மாதிரி இருக்கும். வேண்டவே வேண்டாம்.

கடையில் கேட்டது வீட்டில் கேட்கவில்லை என்றால் பெட்டியில் குறை இல்லை. அம்மாவுக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். சவுண்ட்பாரை எங்கே வைத்திருக்கிறார்? அம்மா பெருமையாகச் சொன்னாள்: "ஷோகேஸ்லயாக்கும் மக்ளே. பொம்மைகளை நீக்கிட்டு நடுத்தட்டுல வச்சிருக்கு. தூசி கேறாம கண்ணாடியச் சாத்திப் பூட்டியாச்சு. அதுக்க மேல உள்ள பிளாஸ்டிக் உறையக்கூட அப்பா பிரிக்க விடல. புதுசு மாதிரியே இருக்கு."

அப்பா! வாயைப் பொத்திக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்துவிட்டு, பேச்சுக் கேட்கவில்லை என்கிறீர்களே! அது பார்ப்பதற்கு இல்லை. கேட்பதற்கு. உறையைக் கிழித்து எறியுங்கள். டிவிக்கு முன்னால், மேசையின் விளிம்பு ஓரமாக வையுங்கள். தூசி படட்டும். பல்லி ஓடட்டும். ஷோகேஸில் பொம்மைகளைத் திரும்ப வையுங்கள், அவை பேசப்போவதில்லை.

ஏழாம் தேதி இங்கே எனக்கு வேலை இருக்கிறது. வேலை ஓடாது என்றுதான் நினைக்கிறேன்.

ஜெனி


திருவட்டாறு
8.12.2025

என் தங்க மகளுக்கு,

உறையைக் கிழித்துவிட்டேன். நெஞ்சில் வலித்தது, ஆனாலும் கிழித்தேன். கார் வாங்கி ஏழு வருடம் சீட்டுக் கவரைக் கழற்றாத ஞானசிங்கே அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நேற்று ஆராதனை முடிந்து ஆட்கள் வந்தார்கள். ஹால் நிறைந்து வாசலிலும் நின்றார்கள். மேசையில் இருந்த பென்சில் பாக்ஸைக் காட்டி, "பெட்டி எங்க ஓய்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். படத்தைப் போட்டேன்.

முதலில் கொஞ்ச நேரம் ஞானசிங், "என்ன படம் இது, அடியும் இல்ல, பாட்டும் இல்ல" என்று முனகினான். பிறகு அவனும் அடங்கிவிட்டான். அந்தப் பெண் படியேறினால் இவர்கள் தலை மேலே போகிறது. பீரோ திறந்தால் எல்லார் கண்ணும் நம் பீரோவுக்குப் போகிறது. நான் எதையும் விடாமல் காதை நீட்டிக்கொண்டிருந்தேன். பரீட்சை எழுதுகிறவன் மாதிரி. அதுவும் மூன்றாம் தடவை பத்தாம் வகுப்பு.

அந்தப் பெண் முற்றத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற இடம் வந்தது. பேச்சும் இல்லை, இசையும் இல்லை. தகரத்தில் டொக் என்று ஒரு துளி. பிறகு இன்னும் சில. உன் அம்மா துள்ளி எழுந்தாள்.

"அய்யோ, ஷீற்று நனையுமே!"

பின்பக்கக் கொடியில் ரப்பர் ஷீட் காயப் போட்டிருந்தது. அவள் ஓடினாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் அத்தனை பேரும் ஓடினார்கள். ஞானசிங், "எனக்க பைக் சீட்டு!" என்று கத்திக்கொண்டே என் காலை மிதித்துவிட்டு ஓடினான். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

வெளியே கண் கூசுகிற வெயில். வானத்தில் கைக்குட்டை அளவுக்குக்கூட மேகம் இல்லை. உன் அம்மா கை நிறைய ஷீட்டோடு மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஞானசிங் பைக் மேல் துண்டை விரித்துப் பிடித்தபடி நிற்கிறான். வீட்டுக்குள்ளே மழை வலுத்துக் கொட்டுகிறது.

முதலில் சிரித்தது ஞானசிங்தான். சிரித்து, புரையேறி, என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "ஏலே நேசா! உனக்க மவ நம்மள எல்லாம் வெயில்ல எறக்கி விட்டுட்டாளே!"

"அவ கம்ப்யூட்டர் பாக்காண்ணு சொன்னீரே?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்ல ஓய். எனக்க மவளுக்கு மழை பெய்ய வைக்கிற சோலியாக்கும்" என்றேன்.

உள்ளே வந்து அந்த இடத்தைத் திரும்பப் போட்டோம். இப்போது எல்லாருக்கும் தெரியும், மழை டிவியில்தான் என்று. ஆனாலும் அந்தத் துளி விழுந்ததும் உன் அம்மா பாதி எழுந்துவிட்டாள். பொய் சொல்ல மாட்டேன், நானும் எழுந்தேன்.

ஒன்றையாவது சரியாகச் சொல் என்றாயே. என் பதில் மழை. தப்பாக இருந்தால் அதை எழுதாதே. நேற்று மத்தியானம் முதல் எனக்கு இருக்கிற சந்தோஷத்தைக் கெடுத்துவிடாதே. ஊர்க் காரியம் வேறு ஏதாவது எழுது.

உன் அப்பா,
நேசையன்


சாலிகிராமம்
11.12.2025

அப்பா,

சரியான பதில்தான்.

பிறகு கொட்டுகிற பெருமழை வேறொருவர் பதிவு செய்தது. முதலில் விழுகிற துளிகள் நான். ஒரு தகரத்தில் ஈரத்துணியை விரித்து, ஊறவைத்த புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டேன். கொஞ்சம் போட்டதும் எங்கள் சார் போதும் என்று கையைக் காட்டினார். "எங்க ஊர்ல மழை இப்படி ஒழுங்கா வராது சார். ஒண்ணு விழும், நின்னு யோசிக்கும், பெறவு ரெண்டு சேந்து விழும்" என்று சொல்லி, கடைசியில் இரண்டைச் சேர்த்துப் போட்டேன்.

அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு துளியில்தான் எழுந்திருப்பாள்.

ஜெனி